முதலில் கணக்கைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கிக் கடன் வசூலுக்கு வரும் ஆட்களின் அடாவடி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்திக்கு வாசகர் ஒருவர் மறுப்பு எழுதியிருந்தார். வாங்கினவர்கள் ஒழுங்காகக் கட்டியிருந்தால் வாசலுக்கு யாரும் வரப்போவதில்லை, இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. அவருக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வாசலுக்கும் வந்தார்கள். கடனே இல்லை என்று நான் வாதாடவில்லை. எவ்வளவு, யாருக்கு, எந்தக் கணக்குப்படி என்று கேட்டால் காகிதத்தில் பதில் வேண்டும் என்கிறேன். அதைக் கேட்டதற்குத்தான் அத்தனை சத்தம்.

என் வீட்டுக்காரர் 2012-ல் ஆறு தையல் மெஷின் போட்டு பவர்டேபிள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட், நடத்தினார். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. கம்பெனிக்காரர்கள் ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் தர இரண்டு மூன்று மாதம் இழுப்பார்கள். டைலர்களுக்கோ சனிக்கிழமை சாயங்காலம் சம்பளத்தை எண்ணி வைத்தாக வேண்டும். நடுவில் விழும் அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பொதுத்துறை வங்கி ஒன்றில் 3 லட்சம் ரூபாய்க்கு ஓடி (ஓவர்டிராஃப்ட்) கணக்கு வைத்திருந்தார், அதாவது கையில் இருப்பு இல்லாவிட்டாலும் அந்த வரம்பு வரை எடுத்துக் கட்டிக்கொள்ளும் கடன் கணக்கு. நிலம், வீடு என்று எதையும் அடமானம் வைக்கவில்லை. சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று அப்போது ரிசர்வ் வங்கியே சொல்லியிருந்தது. மெஷின்களின் மேல் மட்டும் வங்கிக்குப் பாத்தியம். நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

நான்கு வருடம் ஓடியது. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்றார்கள். எங்கள் ஊரில் கூலி என்பது அப்போது ரொக்கம்தான். ஓடி கணக்கில் வாரம் 50,000 எடுக்கலாம் என்று பிறகு அனுமதித்தார்கள். ஆனால் கிளையில் கேட்டால் கையிருப்பு இல்லை என்பார்கள். டைலர்கள் ஊருக்குப் போனார்கள், சிலர் திரும்பவே இல்லை. அது தெளிவதற்குள் 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஆறு மெஷின்காரருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் அறுபது மெஷின்காரரிடம் போய்விட்டார்கள். 2018 தொடக்கத்தில், கிளை மேனேஜரிடம் சொல்லிவிட்டே மெஷின்களை விற்று, வந்த பணத்தைக் கணக்கில் கட்டினார். அந்த மார்ச்சில் கட்டியதுதான் கடைசி. மிச்சம் நின்றது 1,12,460 ரூபாய். அப்புறம் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். 2022-ல் மாரடைப்பு. அவர் பெயரில் விட்டுப்போனது ஒரு பழைய மொபெட்.

இதற்கிடையில் 2020 ஏப்ரலில் பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காகச் சேர்த்தார்கள் அல்லவா, அதில் அவர் கணக்கு வைத்திருந்த வங்கியும் கரைந்துபோனது. போர்டு மாறியது, கிளை இடம் மாறியது, அவரைத் தெரிந்த மேனேஜர் எங்கேயோ மாற்றலாகிப் போனார். இந்த வருடங்களில் எங்களுக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

போன வருடம் ஆடி மாதம் இரவு ஒன்பதரை மணிக்கு போன் வந்தது. "மேடம், உங்க ஹஸ்பண்ட் லோன் விஷயமா பேசறேன், 3,41,000 அவுட்ஸ்டாண்டிங். நாளைக்குள்ள கட்டினா பாதிக்கு முடிச்சுத் தர்றேன்" என்றது ஒரு இளம் குரல். அவர் இறந்துவிட்டார் தம்பி என்றேன். கொஞ்சம் நிதானிப்பான் என்று நினைத்தேன். "அதான் மேடம், நீங்கதான் கட்டணும்" என்றான். எந்த வங்கி என்றால் பழைய வங்கியின் பெயரைச் சொன்னான். நீங்கள் வங்கியா என்றால், இல்லை, கடனை எங்கள் நிறுவனம் வாங்கிவிட்டது என்றான். பணத்தை எங்கே கட்டுவது என்று கேட்டதற்கு ஒரு செல்போன் நம்பரைக் கொடுத்து அதற்கு ஜிபே பண்ணச் சொன்னான். லட்சக் கணக்கில் வங்கிக்குச் சேரவேண்டிய பணம், யாரோ ஒரு பையனின் செல்போன் நம்பருக்கு!

எழுத்தில் அனுப்புங்கள் என்று வைத்தேன். அடுத்து ஆளே வந்தார்கள். நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு வாசலில் பேசினால் எட்டு வாசலுக்குக் கேட்கும். பைக்கில் வந்த இரண்டு பேரும் அது தெரிந்தேதான் நடு வாசலில் நின்று தொகையைச் சத்தமாகச் சொன்னார்கள். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நான் இரண்டே இரண்டு கேட்டேன்: உங்கள் அடையாள அட்டை, வங்கி உங்களுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம். ஒருவன் கழுத்தில் ஏதோ அட்டை தொங்கியது, திருப்பி வைத்திருந்தான். கடிதம் ஆபீசில் இருக்கிறது என்றான். போகும்போது, "கையில ஐநூறு இருந்தாலும் குடுங்க, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, மேலிடத்துல டைம் வாங்கித் தர்றோம்" என்று ஒரு தாளை நீட்டினான். இங்கிலீஷில் டைப் அடித்த தாள். கட்டிவிடுகிறேன் என்று உறுதி கூறுகிறேன் என்பது மாதிரி எழுதியிருந்தது, தொகைக்கு எதிரே வெற்றிடம். நான் வாங்கவே இல்லை.

அந்தத் தாள்தான் விஷயமே என்று பிறகுதான் தெரிந்தது. நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். 1987-ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். அங்கே இருந்த வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்த மூன்று வருடத்துக்குள் கடன்காரர் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டி அது அவர் கைப்பட எழுத்திலோ கையெழுத்திலோ பதிவாகியிருந்தாலோ, அன்றிலிருந்து மறுபடி மூன்று வருடம். வங்கிகள் அவ்வப்போது பாக்கியை உறுதிசெய்து கையெழுத்து வாங்குவது இதற்குத்தான். கெடு முடிந்த பிறகு ஐநூறு கட்டினால் மட்டும் செத்த வழக்கு எழுந்து வராது. ஆனால் "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தம். பழைய கடனுக்குப் புது உயிர். வெற்றிடத்தில் அவர்கள் என்ன எழுதுகிறார்களோ அது கணக்கு.

எங்கள் விஷயத்தில் கடைசி வரவு 2018 மார்ச். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அதையும் தாராளமாகத் தள்ளிக் கணக்குப் போட்டாலும் 2023-லேயே கெடு முடிந்துவிட்டது. கெடு முடிந்ததால் கடன் ஒழிந்துபோய்விடாது, கோர்ட் வழியாக வசூலிக்க முடியாது, அவ்வளவுதான் என்று வக்கீலம்மா அழுத்திச் சொன்னார். கேட்கலாம், மரியாதையாகக் கேட்கலாம். இன்னொன்று, இறந்தவரின் கடனுக்கு வாரிசு பொறுப்பு என்பது அவரிடமிருந்து நமக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான். என் விஷயத்தில் அது மொபெட்டின் மதிப்பு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கும், வீடு நிலம் அடமானம் வைத்தவர்களுக்கும் கணக்கு வேறு. அடமானச் சொத்தின் மேல் வழக்குப் போட 12 வருடம் வரை நேரம் உண்டு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் கடன் காலாவதி என்று அவர்களாகவே முடிவுகட்ட வேண்டாம். தாள்களை எடுத்துக்கொண்டு போய் வக்கீலிடம் காட்டுங்கள்.

அதன் பிறகு மிரட்டல் வேறு பக்கம் திரும்பியது. வாட்ஸ்அப்பில் சிவப்பு முத்திரை குத்திய கைது வாரண்ட் ஒன்று வந்தது. எந்த கோர்ட் என்று பெயர் இல்லை, வழக்கு எண் இல்லை. கடன் பாக்கிக்கு கோர்ட்டில் வழக்குப் போட்டால் சம்மன் வரும், நம் தரப்பைச் சொல்ல வாய்தா கிடைக்கும். போலீஸ் நேராக வந்து கூட்டிக்கொண்டு போகாது. அப்புறம் என் மகன் வேலை பார்க்கும் இடத்துக்கு போன் போட்டு, அவன் மேலதிகாரியிடம் இவன் குடும்பம் ஏமாற்றுக் குடும்பம் என்றிருக்கிறார்கள். உனக்கு இனி எந்த லோனும் கிடைக்காது, சிபிலில் ஏற்றிவிட்டோம் என்று அவனிடமும் சொன்னார்கள். சிபில் உள்ளிட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மகன் எடுத்துப் பார்த்தான். அப்பாவின் கணக்கு அவன் அறிக்கையில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது, அவன் கூட்டுக் கடனாளியும் இல்லை, ஜாமீனும் இல்லை.

இதெல்லாம் விதி இல்லாததால் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டுக் கூப்பிடக் கூடாது என்கிறது. ஊரறிய அவமானப்படுத்துவது, குடும்பத்தார் நண்பர்களைத் தொந்தரவு செய்வது, பொய்யான தகவல் சொல்வது எல்லாம் கூடாது என்கிறது. வசூலை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று வங்கி கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், வருகிற ஆள் வங்கியின் அனுமதிக் கடிதமும் அடையாள அட்டையும் வைத்திருக்க வேண்டும் என்பது 2008-லிருந்தே இருக்கிற விதி. ஆள் வைத்து அடித்துப் பிடுங்குவது வங்கியின் வேலை இல்லை, சட்டப்படி வசூலியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்துவிட்டது. ஏஜென்ட் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு. இவ்வளவும் இருந்தும் என் வாசலில் நின்றவனிடம் ஒரு தாள் இல்லை.

எங்கள் வீதியில் தண்டல் கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். வட்டியைக் கேட்டால் தலை சுற்றும், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கூட ஒரு சின்ன மஞ்சள் அட்டை கொடுத்திருப்பார். தினம் நூறு ரூபாய் வாங்கியதும் அட்டையில் தேதி போட்டுச் சுழித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பாக்கி எவ்வளவு என்பதில் அவருக்கும் வாங்கினவருக்கும் ஒரு ரூபாய் வித்தியாசம் வராது. கம்ப்யூட்டரும் ஆடிட்டரும் வைத்திருக்கிற வங்கிக்கு அந்த அட்டை அளவுக்காவது ஒரு கணக்கு காட்ட முடியாதா?

வக்கீலம்மா எழுதிக் கொடுத்தபடி, வங்கியின் தலைமையகத்தில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்பினேன். "என் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல், கடனை ஒப்புக்கொள்வதாகக் கொள்ளாமல்" என்று முதல் வரியிலேயே போடச் சொன்னார். கணக்கு தொடங்கிய நாளிலிருந்து ஸ்டேட்மென்ட், 3,41,000 எப்படி வந்தது என்ற விவரம், கடனை விற்றிருந்தால் விற்ற பத்திரம், விற்காவிட்டால் ஏஜென்சிக்குக் கொடுத்த கடிதம் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. இணையத்தில் போடலாம், முடியாதவர்கள் சண்டிகரில் இருக்கும் அவர்கள் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448-ல் கூப்பிட்டுத் தமிழிலேயே விவரம் கேட்கலாம். நான் முப்பது நாள் காத்திருந்து, மகனை உட்கார வைத்து இணையத்தில் போட்டேன். அதற்குப் பின்தான் வங்கியிடமிருந்து கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தை, மறுப்பு எழுதிய வாசகர் அவசியம் படிக்க வேண்டும். முதலாவது, கடனை வங்கி யாருக்கும் விற்கவே இல்லை. வசூல் வேலையை மட்டும் ஒரு ஏஜென்சிக்கு விட்டிருக்கிறது. ஆகவே 'நாங்கள் வாங்கிவிட்டோம்' என்றது பச்சைப் பொய். இரண்டாவது, கூடவே வைத்திருந்த ஸ்டேட்மென்ட் 2015-லிருந்துதான் தொடங்குகிறது. முந்தைய பக்கங்கள் இணைப்புக்கு முந்தைய கிளையின் ஆவணங்களில் தேடப்பட்டு வருகின்றனவாம். மூன்றாவதுதான் ருசிகரமானது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் உட்கார்ந்து, துணியில் ஓட்டை தேடுகிற கண்ணோடு வரிவரியாகப் பார்த்தேன். கணக்கில் நிற்கும் பாக்கி 3,41,000 இல்லை. 2018 மார்ச்சில் 1,12,460. அதன் மேல், இல்லாத மெஷின்களுக்கு வருடா வருடம் இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்திருக்கிறார்கள். பூட்டிப்போன ஷெட்டைப் பார்வையிட்டதற்கு இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். அந்த ஷெட்டில் அப்போது ஒரு பேக்கரி நடந்துகொண்டிருந்தது, யார் போய் எதைப் பார்த்தார்களோ. மற்றதெல்லாம் வாராக் கடனான பிறகு கணக்குப் புத்தகத்தில் ஏற்றாமல் தனியாக எழுதி வைத்த வட்டியும் அபராத வட்டியும், வட்டிக்கு வட்டியும். அபராதத்தை வட்டியாகப் போடாதே, அதன் மேல் வட்டி ஏற்றாதே என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது 2024-லிருந்துதான் நடைமுறை. அதற்கு முந்தைய வருடங்களுக்கு யாரிடம் கேட்பது?

ஏஜென்சியின் போன்கள் நின்றுவிட்டன. குறைதீர்ப்பாளரிடம் புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பிரீமியத்தையும் இன்ஸ்பெக்‌ஷன் சார்ஜையும் திருப்பி எழுதுவது பற்றி வங்கி வாயைத் திறக்கவில்லை.

மறுப்பு எழுதிய வாசகருக்கு: நீங்கள் சொல்கிற நேர்மை எங்களுக்கும் உண்டு. சட்டப்படி நான் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகும், அவர் உண்மையில் வாங்கிய பணத்தில் நிற்கும் பாக்கியைப் பற்றி மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசலாமா என்று நான் யோசிக்கிறேன். வருடத்தில் நான்கு முறை தேசிய அளவில் நடக்கிறது. அங்கே சமரசமானால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. மகனுக்கு இதில் சம்மதமில்லை. "அப்பாவை ஏமாத்துக்காரர்னு சொன்னவங்களுக்கு எதுக்கும்மா கொடுக்கோணும்" என்கிறான். வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. எப்படி முடிவானாலும், பணம் போவது வங்கியின் கடன் கணக்குக்கு மட்டும்தான். அதற்கு முன் வங்கியின் தலைப்புத் தாளில் சமரசக் கடிதம், பின்னால் பாக்கி இல்லை என்ற சான்று. இரண்டும் இல்லாமல் யாரும் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

ரிசர்வ் வங்கிக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். பழைய கடனை வசூலுக்கு விடுவதற்கு முன், வங்கியே அந்த வீட்டுக்குத் தமிழில் ஒரு தபால் அனுப்ப வேண்டும். அதில் முழு ஸ்டேட்மென்ட், கடைசியாகக் கட்டிய தேதி, அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்ற பிரிவு, ஏஜென்சியின் பெயர், புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். தபால் போய்ச் சேர்ந்த அத்தாட்சி இல்லாமல் ஏஜென்ட் போன் போட்டால் அபராதம் ஏஜென்ட்டுக்கு இல்லை, வங்கிக்கு. ஒரு ஸ்பீடு போஸ்ட் செலவு. அதையும் வேண்டுமானால் கடன்காரர் கணக்கிலேயே பற்று எழுதிக்கொள்ளட்டும். பேக்கரியைப் பார்வையிட்டதற்கே எழுதியிருக்கிறார்கள்.

என் பெயரையும் முகவரியையும் தனித் தாளில் தங்களுக்கு எழுதியிருக்கிறேன். மகனின் வேலையை முன்னிட்டு அவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பூர்.